வழி திறந்தவர் கடன்

பாலைவனம் என்றதும் நம்மவர்களுக்கு ஒட்டகமும் ராஜபுதனமும் நினைவுக்கு வரும். பழந்தமிழ்ப் புலவர்களுக்கு நினைவு வந்தது வேறு. நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மனித வாழ்விலிருந்து ஒரு நிலைமையைக் கொடுத்தபோது, பாலைக்கு அவர்கள் கொடுத்தது பிரிவு. பொருள் தேடப் புறப்பட்டவன் அந்த வறண்ட வழியைக் கடந்து போகிறான். வீட்டில் ஒருத்தி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். மழைக்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வழியில் கள்வர் உண்டு, யானை உண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லை. இத்தனை கஷ்டங்களையும் எழுதிய புலவர்கள் ஒரே ஒரு கஷ்டத்தை எழுதவில்லை. அந்த வழியை யாரும் அடைத்துவிடுவதில்லை. அவன் வராவிட்டால் குற்றம் அவனுடையது, அல்லது காட்டினுடையது. 'இன்று முதல் இந்த வழி கிடையாது' என்று சொல்லும் உத்தியோகஸ்தர் எவரும் அந்தப் பாலையில் நிற்கவில்லை.

நம் காலத்துப் பாலைகளில் அவர் நிற்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி.

இதற்கு உதாரணம் தேடி நான் ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியத்துக்காரன் நான். 1985-ல் ஜில்லாவைப் பிரிக்கும்வரை நாங்களெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. ஜில்லாவின் மேற்கு விளிம்பில் எங்கள் மலை. கிழக்கு விளிம்பில் தனுஷ்கோடி. நடுவில் கரிசலும் கண்மாயும் வறட்சியும். ஒரே கலெக்டர், ஒரே ஜில்லா போர்டு. ஆனால் எங்கள் மேற்கு விளிம்பில் தென்னையும் நெல்லும் விளையும். அந்தக் கோடியில் மணல் மட்டும்தான் விளையும்.

தனுஷ்கோடியைப் பாலை என்று சொன்னால் பூகோளப் பேராசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். இரண்டு கடல்களுக்கு நடுவே நீட்டிய ஒரு மணல் விரல் அது. ஒரு பக்கத்துக் கடல் அலையடித்துக் குமுறும், அதை ஆண் கடல் என்பார்கள். மறுபக்கம் குளம் மாதிரி கிடக்கும், அது பெண் கடல். மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. மணலைக் கையால் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீர்தான் அந்த ஊருக்குத் தெய்வம் கொடுத்த ஒரே சொத்து. இப்படிப்பட்ட இடத்தில் ரயில்வே ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று ஓர் ஊரே முளைத்ததற்குக் காரணம் அதற்கு அப்பால் இருந்த தேசம். ரயில் அங்கே முடிந்தது. கப்பல் அங்கே தொடங்கியது.

அதற்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து இரவு முழுவதும் கப்பலில் தத்தளித்துக்கொண்டு போவார்கள். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறந்தார்கள். கடலுக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டு, நடுவில் கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும் பாலம். அதைத் தாண்டி வண்டி தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் இருபத்துச் சொச்சம் மைல் கடந்தால் தலைமன்னார். அந்தத் துறையில் கொழும்பு வண்டி நிற்கும். எழும்பூரில் வாங்குகிற ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் போய் இறங்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஜனங்கள் வைத்த பெயர் போட் மெயில்.

அந்த வண்டியில் யார் போனார்கள்? துரைமார் போனார்கள், வியாபாரிகள் போனார்கள். மூன்றாம் வகுப்பில் நம் ஏழை ஜனங்கள் போனார்கள். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஊருக்கு வருவான். தன் சாதி சனத்தையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவான். மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் வைத்திருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சில நாள் அங்கே நிறுத்தி, காலரா, அம்மை இல்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டிய சரக்கு என்று தெரிவதற்காக நம்பர் குத்திய தகரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போன காலமும் உண்டு. சரக்கு என்று வேண்டுமென்றேதான் எழுதினேன்.

இவ்வளவு அவமானம் இருந்தும் அந்த வழியை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு முந்திய தலைமுறை மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கி, காட்டு வழியாகவே கண்டிச் சீமைக்கு நடந்தது. வழியெல்லாம் பிணம் விழுந்தது. ரயிலும் கப்பலும் வந்த பிறகு அந்தச் சாவு நின்றது. வேறொன்றும் நடந்தது. போனவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை பிறந்தது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொழும்பு வீடு என்று பெயர். கொழும்பு என்ன, அந்த வீட்டுப் பையன் போனது பதுளைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துக் கடைக்கு. எங்களுக்குக் கடல் தாண்டிவிட்டால் எல்லாம் கொழும்புதான். அந்த வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பருத்தி விதை எடுத்துக்கொண்டிருப்பாள். மகன் போகும்போது, 'அடுத்த ஆடிப்பூரத்துக்கு வந்துவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனானாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும்போது எங்கள் பக்கத்து மனிதன் எங்கே இருந்தாலும் கால் பரபரக்கும். இரண்டு மூன்று ஆடிப்பூரங்களுக்கு வந்துமிருக்கிறான். அப்புறம் வரவில்லை. 1939-ல் இந்திய அரசாங்கமே தொழிலாளிகள் இலங்கைக்குப் போவதைத் தடுத்துவிட்டது. வந்தால் மறுபடியும் போக முடியுமோ முடியாதோ என்று பயந்து, தங்கை கல்யாணத்துக்குக்கூட அவன் வரவில்லை. அங்கேயே குடும்பமாகிவிட்டான்.

சிறு பையனாக இருந்த நான் ஒருநாள் கேட்டேன்: "ஏன் பாட்டி, அவ்வளவு தூரம் போக விட்டீங்க?"

"வண்டி போகுதேன்னுதானப்பா விட்டேன். காட்டு வழியா நடந்து போகணும்னா பெத்தவ விட்டிருப்பேனா?" என்றாள் அவள்.

அவள் சொன்ன நியாயத்தை நான் எத்தனையோ வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவள் மகனை அனுப்பியது தூரத்தை நம்பி அல்ல, வண்டியை நம்பி. வண்டியை ஓட்டியது அரசாங்கம். அப்படியானால் அவளுக்கு அரசாங்கம் ஏதாவது வாக்குக் கொடுத்ததா? கொடுக்கவில்லை என்றுதான் சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அப்படி ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை. இன்றைக்கு ஓடுகிற வண்டி நாளைக்கு நிற்கலாம். லாபமில்லாத பஸ்ஸை முதலாளி நிறுத்துகிற மாதிரி.

ஆனால் சட்டத்துக்கே இதில் வேறொரு மனசாட்சி உண்டு என்பதை நம் கிராமத்து மனிதர்கள் அறிவார்கள். என் வயலின் வரப்பு வழியாக நீங்கள் உங்கள் வயலுக்குப் போகிறீர்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம் நான் பேசாமல் இருக்கிறேன். இருபது வருஷம் தடையில்லாமல் நீங்கள் உரிமையோடு நடந்துவிட்டால், அப்புறம் என் நிலமாயிருந்தும் நான் முள்ளை வெட்டிப் போட்டு அடைக்க முடியாது. 1882-ஆம் வருஷத்துச் சட்டம் அது. எங்கள் பக்கத்தில் வண்டிப்பாதைத் தகராறு என்று கோர்ட்டுக்குப் போனவர்களெல்லாம் அந்த இருபது வருஷக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்துக்கு அடிப்படை என்ன? நீங்கள் அந்த வழியை நம்பி அந்தப் பக்கம் கிணறு வெட்டியிருப்பீர்கள், தென்னை வைத்திருப்பீர்கள். அடைப்பது எனக்கு ஒரு பிடி முள். உங்களுக்கு அது வாழ்க்கை.

தனுஷ்கோடி வழி 50 வருஷம் நடந்த வழி. இரண்டு தேசங்களுக்கு வரப்புச் சட்டத்தைக் காட்டினால் வக்கீல்கள் சிரிப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஒரு வரப்புக்கு இருக்கிற நியாயம் ஒரு கடலுக்கு இல்லாமல் எப்படிப் போகும் என்று மட்டும் அவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

வழியை அடைத்தது என்று நான் சொல்லும்போது, வாசகர்கள் 1964 புயலை நினைத்துக்கொள்ளலாம். அதைத் தனியாகச் சொல்லவேண்டும். டிசம்பர் 22-ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. ஊரும் போயிற்று. ஸ்டேஷனில் தூணும், மாதா கோயிலில் சுவரும் மிஞ்சின. மனிதர் குடியிருக்க ஏற்ற இடமல்ல என்று சென்னை அரசாங்கம் அறிவித்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். கடலோடு யாரும் வழக்காட முடியாது. கடல் யாரிடமும் வாக்குக் கொடுத்ததும் இல்லை. அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புத் துண்டங்கள் பல கடலுக்குள் விழுந்துவிட்டன. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர், பின்னாளில் டில்லி மெட்ரோ அமைத்தவர், அதை 46 நாளில் நிமிர்த்தி நிறுத்தினார். கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, அங்கிருந்து தலைமன்னாருக்கு 1980-களின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தது. கடல் அறுத்ததை மனிதர்கள் ஒட்டவைத்துவிட்டார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மனிதர்கள் அறுத்தது வேறு கதை. அது புயலுக்குச் சில வாரங்கள் முன்னால் நடந்தது. அதற்கும் முன்னால், 1948-ல், சுதந்திரம் பெற்ற இலங்கை ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் செய்தது. தகப்பன் வழி முன்னோர் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றது. லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? பெரும்பாலான தோட்டத் தமிழர்கள் ஒரே நாளில் எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் டில்லியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 1974-ல், இந்திரா காந்தி காலத்தில், அவர்களையும் சரிபாதியாக ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில் அண்டா குண்டான்களைப் பங்கு போடும்போதுகூட, 'இது அம்மா வைத்திருந்தது, உனக்கு' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள்.

சாஸ்திரி நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லவர்களும் இப்படி ஒரு கணக்கில் கையெழுத்துப் போட நேர்ந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில் இரண்டு வார்த்தைகள் பிறந்தன. வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் அவற்றின்மேல் எனக்குக் கோபம் அதிகம். ஒன்று, 'கள்ளத்தோணி'. டிக்கெட் கொடுத்துக் கப்பலேற்றிய வழியை அடைத்த பிறகு, அதே கடலை ராத்திரியில் வள்ளத்தில் கடந்து பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கப் போனவனுக்கு அந்தப் பெயர் வந்தது. நாளாக நாளாக, தோணியையே பார்த்திராத தோட்டத்துப் பிள்ளைகளையும் அங்கே அதே பெயரால் ஏசினார்கள். கடல் அதேதான், மனிதனும் அவனேதான். நடுவில் ஒரு சட்டம் வந்தது, மனிதன் கள்ளனாகிவிட்டான்.

இன்னொன்று நாம் மரியாதையாகச் சொல்கிற வார்த்தை: 'தாயகம் திரும்பியோர்'. பதுளையில் பிறந்து, பதுளையில் வளர்ந்து, அங்கே தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்குகிறாள். அவள் இதற்கு முன் இங்கே வந்ததில்லை. எங்கிருந்து எங்கே திரும்பினாள்? மண்டபத்தில் இறக்கி, ஒரு கடன் சீட்டும் ஓர் ஊர்ப் பெயரும் கொடுத்து அனுப்பினார்கள். நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் வைத்து அவர்களில் பலருக்கு வேலை கொடுத்தது வாஸ்தவம். அவர்களுக்கென்று ஒரு பாங்கும் வைத்தார்கள். செய்ததை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சொந்தக்காரர்களைத் தேடி வந்தவர்களை எங்கள் ஊர்களில் என்ன சொல்லி அழைத்தார்கள்? 'சிலோன்காரன்' என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். பாட்டியின் பேரன்களில் ஒருவன் அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தான். பாட்டி அப்போது உயிரோடு இல்லை. அவன் தகப்பன் அங்கேயே தங்கிவிட்டான். 3,00,000 பேரில் அவன் ஒருவன். ஒரே குடும்பத்தின் நடுவிலேயே கணக்கின் கோடு விழுந்திருந்தது.

அரசாங்கத்துக்காகவும் கொஞ்சம் பேசவேண்டும். எல்லை என்று ஒன்று இருந்தால் அதைக் காப்பது அதன் கடமை. தங்கம் கடத்துகிறவன் இருக்கிறான், குண்டு வைக்கிறவன் இருக்கிறான். யுத்தம் வந்தால் ரயிலை நிறுத்தாத ராஜாங்கம் உலகத்தில் கிடையாது. இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். வழியை அடைக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. அடைப்பதற்கு நியாயம் இருக்கலாம். அடைத்ததோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதற்குத்தான் நியாயம் இல்லை. கடன் வாங்கியவன் நொடித்துப்போனால் கட்ட முடியாமல் போகலாம். அதற்காக வாங்கவே இல்லை என்று அவன் சொல்லலாமா?

உண்மையான பாலைவனத்திலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ராஜஸ்தானத்தில் பார்மேர் ஜில்லாவில் முனாபாவ் என்று ஒரு சிறிய ஸ்டேஷன். கடைசி ஸ்டேஷன். அப்பால் மணல், மணலுக்கு அப்பால் பாகிஸ்தானத்துச் சிந்து. ஜோத்பூரிலிருந்து சிந்துக்கு ஒரே ரயில் பாதையாக இருந்ததை 1947-ல் நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள். பிரித்த பிறகும் வண்டி ஓடியது. 1965 யுத்தத்தில் நின்றது. அந்த யுத்தத்தில் கட்ரா ரோடு பக்கத்தில் ரயில்வே ஊழியர்கள் உயிரையே கொடுத்தார்கள். மறுபடி வண்டி விட 2006 பிப்ரவரி ஆயிற்று, 41 வருஷம். நம் பாம்பன் பாலத்துக்கு 46 நாள் ஆனது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தார் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்து வாரம் ஒரு முறை விட்டார்கள். 2019 ஆகஸ்டில் அதுவும் நின்றுவிட்டது.

அந்த வண்டியில் போனவர்களில் சோடா ராஜபுத்திரர்கள் உண்டு. சிந்துவில் உமர்கோட் பக்கம் இருக்கிறவர்கள். அவர்கள் வழக்கப்படி சொந்தக் குலத்துக்குள்ளே பெண் எடுக்கக் கூடாது. அங்கே சுற்றிலும் சொந்தக் குலம்தான். ஆகவே தலைமுறை தலைமுறையாக எல்லைக்கு இந்தப் பக்கம், பார்மேரிலும் ஜைசல்மேரிலும், சம்பந்தம் செய்கிறார்கள். தேசம் இரண்டானதற்காகக் குலத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? 2019-ல் அங்கே போய்த் தாலி கட்டிவிட்டு வந்த மாப்பிள்ளைகள் சிலர், பெண்டாட்டிக்கு விசா கிடைக்காமல் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்தக் கல்யாணங்களைப் பேசி முடித்தவர்கள் எங்கள் தெருப் பாட்டியைப் போலவே வண்டியை நம்பியவர்கள்தானே?

வண்டியை நிறுத்திய அன்றே, வண்டியை நம்பினவர்களுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைக்கலாம். கல்யாணம் செய்தவளுக்கு, சாகக் கிடக்கும் தாய்க்கு, ஈமக் கிரியைக்கு வரும் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் விசா என்று ஒரு விதி எழுதிவிடலாம். அதனால் எந்தக் கோட்டையும் இடிந்துவிடாது. குடும்பங்களைக் கேட்டுப் பங்கு பிரிக்கலாம். அப்பனை ஒரு கணக்கிலும் மகனை இன்னொரு கணக்கிலும் எழுதாமல் இருக்கலாம். இதெல்லாம் தானம் இல்லை, பாக்கி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கொடுக்கிறவன் முகத்தில் தெரியும்.

இப்போது எல்லாம் மறுபடியும் புதிதாகிக்கொண்டு வருகிறது. 2015-ல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்துவிட்டது. 2017-ல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு போட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்தாயிற்று. நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்று நின்று ஓடுகிறது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழும்பூரிலிருந்து ராமேசுவரம் போகிற வண்டியை இன்னமும் ஜனங்கள் போட் மெயில் என்கிறார்கள். போட் போய்ப் பல காலமாயிற்று.

மண்டபத்து முகாமும் இருக்கிறது. காலரா, அம்மை பார்த்துத் தோட்டத்துக்கு அனுப்பிய முகாம். பிறகு கப்பலில் திரும்பியவர்களை இறக்கி ஊர்ப் பெயர் கொடுத்த முகாம். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வள்ளங்களில் வந்த இலங்கைத் தமிழர்களை அங்கேதான் வைத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது கல்யாணமாகித் தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள். அந்தத் தீவை அவர்களில் பலர் கண்ணால் பார்த்ததில்லை. போர் முடிந்துவிட்டது, தாயகம் திரும்பலாமே என்று அவர்களிடம் சொல்கிறோம்.